கீழே போடாத காய்

கீழே டெலிபோன் மணி அடித்தால் இப்போதும் என் கால் தானாக எழுந்துவிடுகிறது. அடுப்பில் எது கொதித்தாலும் சரி, கரண்டியோடு மாடிப்படி வரைக்கும் வந்துவிடுவேன். அங்கே வந்து நின்ற பிறகுதான், அதை எடுக்க வேண்டியவள் நான் இல்லை என்பது நினைவுக்கு வரும். மகள் முன்பெல்லாம் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை.

நாங்கள் குடியிருப்பது ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு ஆபீஸின் மாடியில். கீழே முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் குடோன். மேலே பலகைத் தளம் போட்ட இரண்டு அறைகள். சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. நாங்கள் சாவடிக்கு இந்தப் பக்கம், மலைமேல், கேரளத்தில். என் வீட்டுக்காரர் அந்தக் குடோனில் எடை போடுகிறவராக இருந்தார். மூட்டை மூட்டையாக ஏலக்காய் அவர் கையில் ஏறி இறங்கியது. ஆனால் சாயங்காலம் கேட்டில் வேட்டியை உதறிக் காட்டிவிட்டுத்தான் மாடிக்கு வர வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் ஏலக்காய் இருந்ததில்லை. பொங்கலுக்கு இரண்டு காய் மளிகைக் கடையில் வாங்கித் தட்டிப் போடுவேன். வாசம் மட்டும் ராத்திரி பகல் பலகை இடுக்கு வழியாக வந்துகொண்டே இருக்கும்.

அவர் மஞ்சள் காமாலையில் போனார். வீடு வேலைக்காகக் கொடுத்த வீடு. ஆள் போனால் வீட்டையும் விட வேண்டும். மகள் அப்போதுதான் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். கம்பத்திலிருந்து என் அண்ணன்மார் இரண்டு பேரும் துக்கத்துக்கு வந்தார்கள். காரியம் முடிந்து சாப்பிட்டு எழுந்து, "லெட்டர் போடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள்.

முதலாளியிடம் போய் நின்றேன். மகள் பரீட்சை எழுதும் வரை வீட்டில் இருக்க விட வேண்டும், அதற்கு என்ன வேலை கொடுத்தாலும் செய்கிறேன் என்றேன். அவர் வாயில் ஒரு காயை மென்றுகொண்டே கேட்டார்.

"எத்தனாவது படிச்சிருக்கீக?"

"பதினொண்ணு. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிருக்கேன்."

"மலையாளம்?"

"பேசுவேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன்."

"இங்கிலீஷ்ல நம்பர் சொன்னா காதுல வாங்கி எழுதுவீகளா?"

"எழுதுவேன்."

அவர் காயின் தோலைத் துப்பினார். "டெலிபோன் மேசைக்கு ஒரு ஆள் வேணும். போடியில ஒரு கூட்டாளி மகன், பி.காம். முடிச்சவன், நாளைக்கு வர்றான். நீங்களும் வந்து உக்காருங்க. சீசன் முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் பழகுங்க. யாருக்குப் பிடிபடுதோ அவுகள வச்சுக்கிறேன். அதுவரைக்கும் சம்பளம்னு கேக்கப்படாது. வீடு இருக்கட்டும்."

அப்படித்தான் நாற்பதைத் தாண்டிய வயதில், மூக்குக்கண்ணாடியோடு, சம்பளமில்லாமல் வேலை பழகப் போனேன். ஒரு நாற்காலி, ஆள் இரண்டு. எனக்கு அந்த நாற்காலி என்றால் மகளின் பரீட்சை. அந்தத் தம்பிக்கு அது என்னவென்று நான் கேட்கவில்லை. அவனும் என்னிடம் கேட்கவில்லை.

மேசை பெரியது. அதன் மேல் இரண்டு டெலிபோன், ஒரு சிலேட்டு, ஈரத்துணி. ஒரு டெலிபோன் எதிர்த்தெருவில் இருக்கும் ஏலக்கூடத்துக்கு. மற்றதில் கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்ச் வரும். பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரிசீவரைக் காதில் வைத்தபடியே காலையிலிருந்து மத்தியானம் வரை இருந்திருக்கிறேன். மணி அடிக்கட்டும் என்று கீழே வைத்தால், சீசன் நெரிசலில் வரிசை அடுத்தவருக்குப் போய்விடும். லைன் வந்ததும் "முதலாளி!" என்று கத்த வேண்டும். அவர் பேசிக்கொண்டே திருப்பிச் சொல்லும் விலையைச் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். அடுத்த விலை வந்ததும் பழையதை அழிக்க வேண்டும். எதுவும் மிஞ்சாது. சாயங்காலம் சிலேட்டைப் பார்த்தால் நாள் முழுக்க ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். காது மட்டும் பழுத்துப் போயிருக்கும்.

நெருக்கடி நிலை அறிவித்திருந்த காலம் அது. பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கச் சொல்லும் தட்டி ஒன்றை அதிகாரிகள் வந்து எங்கள் மேசைக்கு நேர் எதிரே மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பேசுவதைத் தவிர எங்களுக்கு வேறு வேலையே கிடையாது.

எக்ஸ்சேஞ்சில் இருந்த மலையாளப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. குரலில்தான் பழக்கம்.

"சேச்சி, பம்பாய் லைன் கிட்டல. இச்சிரி பொறுக்கணும்."

"பொறுக்கத்தானே உக்காந்திருக்கேன்."

"மோள் சுகமா? படிக்குதோ?"

"படிக்குது. நீ லைனக் குடு."

தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பான். "அக்கா, அந்தப் பொண்ணுகிட்ட குடும்பக் கதை பேசியே லைன் வாங்கிர்றீக. எங்க காலேஜ்ல இதச் சொல்லித் தரலையே."

"உங்க காலேஜ்ல என்னதான் சொல்லிக் குடுத்தாக?"

"டெபிட்டு, கிரெடிட்டு. அப்புறம் கண்ணாடிய மூக்குல போடணும், நெத்தியில போடக்கூடாதுன்னு."

கெட்டவன் இல்லை அவன். டீ வந்தால் எனக்கு முதலில் தள்ளுவான். ஆனால் முதலாளி அறைக்குள் வந்தால் ரிசீவர் யார் கையில் இருக்கிறது என்று இரண்டு பேருமே பார்த்துக்கொள்வோம்.

யாரும் எதையும் சொல்லித் தரமாட்டார்கள். அதுதான் அங்கே பழகுகிறவர்களின் நிலைமை. கேட்டால், "உக்காந்து பாருங்க, தெரியும்" என்பார்கள். தப்பாகச் செய்தால் திட்டுவார்கள். திட்டில்தான் பாடம் இருக்கும். இப்படி உட்கார்ந்து நானாகத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. பம்பாய்க்காரர் லைனில் வந்ததும் "அங்கே மழை எப்படி?" என்று கேட்டால் வாங்கப் போகிறார். தன் முழங்கால் வலியைப் பற்றி ஆரம்பித்தால் அங்கே சந்தை விழுந்திருக்கிறது, எதுவும் எடுக்க மாட்டார். விலை பேசுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். தம்பிக்கு அது பிடிபடவில்லை. அவன் எண்ணை மட்டும் கேட்டான். நான் அதை அவனுக்குச் சொல்லவில்லை.

ஏலக்கூடத்தில் எங்கள் ஆபீஸுக்கென்று ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து ஏலம் எடுப்பவரைப் பெரியவர் என்போம். ஆபீஸுக்குப் பம்பாய் விலை வந்தால், கூடத்து லைன் கிடைக்காத நேரத்தில் எங்களில் ஒருவர் தெருவைக் கடந்து ஓடி அவர் காதில் சொல்ல வேண்டும். அப்படிப் போகும்போதுதான் அந்தத் தரையைப் பார்த்தேன். ஒன்றாகச் சேர்த்து ஏலம் விடும் மூட்டைகள்தான் ஒரு லாட்டு; ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரித் தட்டு வரிசையாக வரும். வியாபாரிகள் கை நிறைய அள்ளி, உருட்டி, உரித்து, கடித்துப் பார்ப்பார்கள். பிறகு அப்படியே தரையில் விட்டெறிவார்கள். பதினோரு மணிக்கெல்லாம் தரை பச்சையாகிவிடும். நடந்தால் காலடியில் நொறுங்கும். வேட்டியை உதறிக் காட்டிய மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் நான். பணக்காரத் திமிர் என்று நினைத்தேன். ஓரமாகக் கால் வைத்து நடப்பேன்.

அன்று ஏல நாள். தம்பி டெலிபோனில் இருந்தான்; நான் செய்தி சொல்லக் கூடத்துக்குப் போயிருந்தேன். பம்பாயில் மந்தம், இன்று எதுவும் பெரிதாக எடுக்க வேண்டாம் என்பதுதான் செய்தி. பெரியவருக்கு வயிற்றுப்புண். வெறும் வயிற்றில் காலையிலிருந்து காய் கடித்ததில் முகம் வெளுத்து வியர்த்திருந்தது.

"ஒரு நிமிசம் இதுல உக்காருங்க. நாக்காலி காலியா இருக்கப்படாது. அடுத்த லாட்டு நமக்கு வேண்டாம். மாதிரி வந்தா பாத்துட்டுக் கீழ போட்டிருங்க" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

நான் உட்கார்ந்தேன். கூடத்தில் நான் ஒருத்திதான் பெண்.

முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா, பெரியவர் இன்னைக்குச் சேலை கட்டி வந்திருக்காரு?"

"வயித்து வலின்னாரே. மாசமா இருக்கும்" என்றார் இன்னொருவர். கூடம் சிரித்தது. நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராகப் பார்த்தேன்.

தட்டு வந்தது. ஒரு கை அள்ளினேன். பருமனான காய், புதுப்புல் மாதிரி பச்சை. ஒன்றுகூட வெடிக்கவில்லை. இத்தனை வருஷம் அந்த வாசத்தின் மேலேயே படுத்து எழுந்தவள், நல்ல காயை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது அன்றுதான். என்னைக் கேட்டில் நிறுத்தி உதறச் சொல்ல யாருமில்லை. கீழே போடு என்றுதானே சொன்னார், போடுவதற்குப் பதில் வீட்டுக்குக் கொண்டுபோனால் யாருக்கு நஷ்டம்? ராத்திரி கண்விழித்துப் படிக்கிற பிள்ளைக்கு டீயில் ஒன்று தட்டிப் போடலாம். மடியில் போட்டு முடிந்துகொண்டேன்.

ஏலக்காரரின் குரல் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விலைக்கும் எங்கேயாவது ஒரு கை திறந்து காய்கள் தரையில் சடசடவென்று விழுந்தன. அதன் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியாது. விலை ஒத்துவராதவர் மாதிரியைக் கீழே போட்டு விலகுவார். கையில் வைத்திருக்கிறவரை அவர் நிற்கிறார். மடியிலோ சட்டைப்பையிலோ போட்டுக்கொண்டால் எத்தனை ஏறினாலும் எடுக்கிறேன் என்று அர்த்தம். அந்தக் கூடத்தில் யாரும் வாய் திறந்து விலை கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஏலக்காரர் என்னைப் பார்த்தார். பெரிய மனிதர் பார்க்கிறாரே என்று மரியாதைக்குத் தலையை ஆட்டினேன். விலை ஏறியது. மறுபடி பார்த்தார். மறுபடி ஆட்டினேன். கடைசியில் முன்வரிசையில் என்னைக் கேலி செய்தவர் மட்டும் நின்றார். அவர் திரும்பி என் மடியைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு பரவியது. இன்னும் இரண்டு விலை ஏற்றிவிட்டு, கையை விரித்துக் காய்களைத் தரையில் கொட்டினார்.

"ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்." ஏலக்காரர் எங்கள் கம்பெனி பெயரைச் சொன்னார்.

அப்போதுதான் கதவுப்பக்கம் பார்த்தேன். தம்பி நின்றுகொண்டிருந்தான். என்னைத் தேடி வந்திருக்க வேண்டும். அவன் போடிக்காரன், ஏலக்கூடத்தில் வளர்ந்தவன். அவனுக்கு எல்லாம் தெரியும். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. வாய் பாதி திறந்திருந்தது. என் கண் பட்டதும் மூடிக்கொண்டு தெருவைப் பார்த்தான்.

பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். "யாரு எடுத்தா?"

"வேற யாரு? நீங்கதான்" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

பெரியவர் என் கையைப் பார்த்தார். பிறகு மடியை. "முடிஞ்சு வச்சிருக்கீகளா?"

"நல்ல காயா இருந்துச்சு…"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆபீஸில் முதலாளி லைட்னிங் கால் போடச் சொன்னார். சாதாரண காலைவிட எட்டு மடங்கு கட்டணம். அவர் அதை அடிக்கடி போடுகிறவர் இல்லை. ரிசீவரை எடுத்து என்னிடமே கொடுத்தார். கைப்பிடியைச் சுற்றினேன். அந்தப் பெண் "மோள் சுகமா?" என்றாள். "சுகம், லைனக் குடு" என்றேன். பம்பாய்க்காரர் வந்தார். நான் யார் பேசுவது என்று சொன்னதும், டாக்டர் மாற்றிக் கொடுத்த மாத்திரையும் கேட்கவில்லை, முழங்காலை மடக்கவே முடியவில்லை என்றார். ரிசீவரை முதலாளியிடம் நீட்டினேன். அவர் பேசி முடிக்கும்வரை சிலேட்டில் எழுத எதுவும் இருக்கவில்லை.

"லாட்டு வேண்டாம்னு எழுதிக் குடுத்துறலாமா? புது ஆளு, தெரியாமச் செஞ்சதுன்னு…" என்றார் பெரியவர்.

"குடுக்கலாம். அடுத்த வாரம் நம்ம கைய எவன் நம்புவான்? அந்த நாக்காலில ஒரு நாய் உக்காந்து வாலாட்டியிருந்தாலும் நான் எடுத்துத்தான்யா ஆகணும்." அப்புறம் நான் நிற்பது கண்ணில் பட்டது. "உங்களச் சொல்லல" என்றார்.

மறுநாளிலிருந்து மேசைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் படியில் இறங்கிப் பார்த்தேன். தம்பி ரிசீவரைக் காதில் வைத்திருந்தான். திரும்பி மேலே வந்துவிட்டேன்.

அந்த லாட்டு எங்கள் அறைக்கு நேர் கீழே அடுக்கப்பட்டது. மழை பிடித்துக்கொண்டது. பம்பாய் கேட்கவில்லை, டில்லி கேட்கவில்லை. ஏலக்காய்க்குப் பச்சைதான் விலை. ஈரக்காற்று பட்டால் நாளுக்கு நாள் வெளுக்கும். படுத்தால் பலகை வழியாக வாசம் வரும். மற்ற வாசத்திலிருந்து இதைப் பிரித்தறிய முடியாது என்று எனக்கே தெரியும். ஆனாலும் இது அதுதான் என்று நினைத்துக்கொண்டு கிடப்பேன். மகள் விளக்கருகே பாடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பாள். மடியில் முடிந்து வந்த காய்களை டீயில் போடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு டப்பாவில் போட்டு மூடினேன்.

ஒருநாள் தம்பி பாதிப் படி ஏறி வந்து நின்றான். "அக்கா, பம்பாய்க்காரர் இன்னைக்கு மழை எப்படின்னு கேட்டாரு. நீங்க இருந்தப்ப அதுக்கு ஏதோ…"

"வாங்கப் போறாரு. உடனே விலை சொல்லாதீக" என்றேன்.

ஏன் சொன்னேன் என்றால், நான் இருந்தது கம்பெனி வீட்டில். அவன் தலையாட்டினான். இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி படியிலேயே நின்றான். பிறகு இறங்கிப் போனான். அன்று வேறு லாட்டுகள் சில விற்றதாம். நான் எடுத்தது வெளுத்துப் போனதால் அதை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் முதலாளி படியேறி வந்தார். என் வீட்டுக்காரர் செத்தபோதுகூட அவர் மேலே வந்ததில்லை, கீழேதான் நின்றார். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"வீட்ட விடுங்கன்னு சொல்ல எனக்கும் மனசில்ல. ஆனா கம்பெனியில ஆளே இல்லாம வீடு மட்டும் எப்படிக் குடுக்கிறது? மத்தவன் கேப்பான்ல. காய் பொறுக்கிற கொட்டகையில ஆள் பத்தல. ஒரு ஆளு அங்க வந்தா வீடு அப்படியே இருக்கட்டும்."

"நான் வர்றேன் முதலாளி. நாளைக்கே வர்றேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் காய் எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். "இதுல வெளுத்தது எது, சொல்லுங்க."

ஜன்னல் பக்கம் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மழை வெளிச்சம். எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப என் கையிலேயே வைத்தார். இன்னொன்றை எடுத்தேன்.

"அது இல்லம்மா" என்று பின்னாலிருந்து மகள் கை நீட்டினாள். "இது. அப்புறம் இது. இந்த மூணாவது இப்பத்தான் வெளுக்க ஆரம்பிச்சிருக்கு."

முதலாளி அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது எதற்கான கேள்வி என்று தெரியாமல் அவள் பதில் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

"பரீட்சை…" என்றேன் நான்.

"அடுத்த வருசம் எழுதட்டுமே. எங்க போகுது பரீட்சை?" என்றார் அவர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார்.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வீடு தேடி வந்து விசாரித்தார். மகள்தான் பதில் சொன்னாள், "அம்மாவுக்கு முடியல டீச்சர்" என்று. எனக்கு எல்லாம் முடிந்தது. கண் மட்டும்தான் முடியவில்லை.

முதல் நாள் மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். கொட்டகையில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு தட்டு. மகள் கடைசி வரிசையில், பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் தாவணியோடு இருந்தாள். அவள் பக்கத்தில் அவிழ்த்து வைத்திருந்த மூட்டையின் மேல் லாட்டு நம்பர் இருந்தது. எனக்கு மறக்காத நம்பர்.

"இதுதானாம்மா அது?" என்று கேட்டாள்.

"ஆமா."

ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். "நல்ல காயாத்தாம்மா இருந்திருக்கு."

கங்காணியம்மா அந்தப் பக்கமாக நடந்து வந்தாள். மகள் தட்டிலிருந்து வெடித்த காய் ஒன்றை எடுத்து, நல்லதோடு சேர்ப்பதா வேண்டாமா என்று கையில் வைத்திருந்தாள்.

"என்ன புள்ள அதப் போயி பாத்துக்கிட்டிருக்க? கீழ போடு."

மகள் என்னைப் பார்க்கவில்லை. போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் போட்டாள். நான் சோற்றுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அவள் கை எங்கேயும் நிற்காமல் போட ஆரம்பித்துவிட்டது.